அவசர விலக்கில் ஏறிய சரக்கு

டிசம்பர் 11, காலை 7.40. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலின் மேல்.

புறப்பாடு ஒழுங்காக முடிந்தது. வான்கப்பல் கொண்டல்-7. உயரம் இரண்டாயிரம் மீட்டர். நான்கு மோட்டார்களும் ஓடுகின்றன. காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது.

பதிவை எழுதுவது பிளேவியா கொறைரா, ஆபத்துச் சரக்கு ஆய்வாளர். கப்பலில் வேறு ஆள் இல்லை. கொண்டல் கப்பல்கள் தாமே பறந்து தாமே இறங்கும், மனிதர்களை ஏற்றுவதில்லை. பெரிய ஹீலியம் பையின் அடியில் ஒட்டியிருக்கும் நீளமான பெட்டிதான் சரக்கறை. அதன் முன்பக்கத்தில், ஒரு படி தாழ்வாக, பழுது பார்க்க வருபவர்களுக்கென்று ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு ரேடியோ, ஒரு ஜன்னல். அங்கேதான் இருக்கிறேன்.

போகுமிடம் கரும்பாறைத் தீவு. தென்கடலில், பனிக்கண்டத்துக்குப் போகும் வழியில். அங்கே கடற்பாசி எடுக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் நம் பக்கத்து ஆட்கள். சில வாரங்களாக நுரையீரலைப் பிடிக்கும் காய்ச்சல். நிலையத்து டாக்டர் அதில் முதலிலேயே இறந்துவிட்டார். கடல் வழியாக மருந்து போய்ச் சேர்வதற்குள் யாரும் மிஞ்ச மாட்டார்கள் என்றார்கள்.

சரக்கு இரண்டே வகை. ஆறு பெட்டி ஊசி மருந்து, டிரை ஐஸில் வைத்தது. அங்கே ஆக்சிஜன் மெஷின்களை ஓட்ட எட்டுப் பெட்டி லித்தியம் பேட்டரி. நிலையத்து ஜெனரேட்டர் பழுது.

சாதாரண நாளில் இந்தச் சரக்கைச் சோதித்து, பிரித்து, மறுபடி கட்டி அனுப்ப நான்கு நாளாவது ஆகும். நான்கு நாள் இல்லை. அதனால் விமானச் சரக்கு விதிகளிலிருந்து இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் அவசர விலக்கு கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்று: ஆய்வாளர் ஒருவர் கூடவே போக வேண்டும். ஏற்றும் முன் பார்க்க வேண்டியதைப் பறக்கும்போது பார்க்க வேண்டும்.

மூன்று பேரைக் கேட்டார்கள். நான் சரி என்றேன். கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பிவிடலாம் என்று கணக்கு.

டிசம்பர் 11, காலை 10.15.

முதல் சோதனை. மருந்துப் பெட்டிகள் ஆறும் உப்பியிருக்கின்றன.

டிரை ஐஸ் உருகித் தண்ணீராகாது. நேராக வாயுவாகும். அந்த வாயு வெளியேற வழி விட்டுத்தான் பெட்டியை மூட வேண்டும். இறுக்கி மூடினால் பெட்டி வெடிக்கும். இந்தத் தொழிலில் சேர்ந்த முதல் நாள் சொல்லித்தரும் பாடம் இது. இந்த ஆறு பெட்டிகளையும் யாரோ ஐந்தாறு சுற்று டேப் போட்டு, மேலே பிளாஸ்டிக் உறை வேறு சுற்றியிருக்கிறார்கள். குளிர் போய்விடக் கூடாதாம்.

கட்டிய தொண்டர் அமைப்பைப் பற்றித் தூத்துக்குடிக் கட்டுப்பாட்டு அறையில் விசாரிக்கச் சொன்னேன். பணியில் இருந்தது இசக்கிராஜ்.

"பிளேவியாக்கா, காலேஜ் பிள்ளைங்கதான் கட்டியிருக்காவ. ராத்திரி பகலா உக்காந்து கட்டியிருக்காவ. திட்டாதீங்க."

"திட்டலப்பா. இனிமே யாரும் டேப் ஒட்டக் கூடாதுன்னு மட்டும் சொல்லு."

ஒவ்வொரு மூடியிலும் கத்தியால் வழி செய்தேன். முதல் பெட்டி சீறிய சீறலில் கத்தியைக் கீழே போட்டுவிட்டேன். விசிறிகளை முழு வேகத்தில் வைத்தேன். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். கொஞ்சம் நின்றால் தலை சுற்றும், நிறைய நின்றால் விழுந்துவிடுவோம். ஆக்சிஜன் முகமூடி ஒன்றும் சிலிண்டர் ஒன்றும் கையில் இருக்கின்றன.

மருந்தும் பேட்டரியும் ஒரே வலைக்குள், ஒன்றன்மேல் ஒன்றாக. பிரித்து வைத்திருக்க வேண்டும். நாளைக்குள் நானே பிரித்து வைப்பேன்.

டிசம்பர் 11, மாலை 4.30.

கரும்பாறையிலிருந்து முதல் அழைப்பு. பேசியவர் தவமணி, நிலையத்து நர்ஸ். டாக்டர் போன பிறகு எல்லாம் அவர்தான்.

"எப்பம்மா வந்து சேருவீங்க?"

"நாளன்னிக்குச் சாயந்தரம். காத்து இப்படியே இருந்தா கொஞ்சம் முன்னாடியே வந்துருவோம்."

"மருந்து எல்லாருக்கும் போதுமா?"

"போதும். ஆறு பெட்டி இருக்கு."

"நான் இவங்ககிட்டச் சொல்லிரவா? ஆறு பெட்டி வருதுன்னு. கண்ணு தெறந்து கேக்குறவங்க கொஞ்சப் பேருதான். அவங்களுக்காவது சொல்லணும்."

சொல்லுங்கள் என்றேன். பேசும்போதே இரண்டு தடவை இருமினார். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

டிசம்பர் 12, காலை 9.05. பூமத்திய ரேகைக்குத் தெற்கே.

வலையை அவிழ்த்தேன். பேட்டரிப் பெட்டிகளை நகர்த்தும்போது வாசனை. நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி, தித்திப்பான வாசனை. சரக்கறையில் அந்த வாசனை வரவே கூடாது.

லேபிளில் 'புதியவை' என்று போட்டிருக்கிறது. பெட்டியைப் பிரித்தேன். புதியது ஒன்றுகூட இல்லை. ஸ்கூட்டர்களிலிருந்து கழற்றிய பழைய பேட்டரிகள். சில முழு சார்ஜில். முனைகளை மூடாமல், செய்தித்தாளில் சுற்றி, ஒன்றோடொன்று இடிக்கும்படி அடுக்கியிருக்கிறார்கள். மூன்று வீங்கியிருந்தன. வீங்கிய பேட்டரியை எந்த விலக்கிலும் விமானத்தில் ஏற்ற முடியாது. ஏற்றிய இடத்தில் லேபிளைப் படித்த மெஷின் பெட்டிக்குள் பார்க்கவில்லை.

ஒரு பேட்டரியின் மேல் பேனாவால் எழுதியிருந்தார்கள்: 'எங்க அப்பா வண்டியோடது. சீக்கிரம் குணமாகுங்க.'

இசக்கிராஜிடம் சொன்னேன். மேலதிகாரிகளிடம் கேட்டுவிட்டு வந்தான்.

"அக்கா, வீங்குனதையெல்லாம் கடல்ல தட்டிருங்கன்னு சொல்லுதாங்க. தரைக்கதவை நான் இங்கிருந்து திறக்கேன்."

தரைக்கதவு என்பது சரக்கறையின் தரையில் உள்ள கதவு. நிவாரணப் பொருட்களைப் பறந்தபடியே போடுவதற்கானது. திறந்தான். கீழே கடல் மின்னியது. வாசனை வந்த முதல் பெட்டியைத் தள்ளினேன். இரண்டாவதையும் தள்ளினேன். பெல்ட்டில் என்னைக் கட்டியிருந்தேன்.

மூன்றாவது பெட்டியைத் தொட்டேன். கை சுட்டது.

டிசம்பர் 12, காலை 11.50.

சுருக்கமாக எழுதுகிறேன்.

மூன்றாவது பெட்டி கதவின் ஓரத்துக்கு வரும் முன்பே பற்றியது. வெள்ளைப் புகை, பிறகு பீய்ச்சும் தீ. புகை தெரிந்தால் கப்பல் தரைக்கதவைத் தானே மூடிவிடும். தீக்குக் காற்று போகக் கூடாது என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். மூடிவிட்டது. பெட்டி உள்ளே, நானும் உள்ளே.

தீயணைப்பான் ஒன்றுதான் இருந்தது. தீர்த்தேன். தீ அடங்கி மறுபடி வந்தது. இந்தப் பேட்டரிகளின் தீ உள்ளிருந்து வருவது. சூடு இறங்கினால்தான் நிற்கும். குடிக்க வைத்திருந்த தண்ணீர் எல்லாவற்றையும் ஊற்றினேன். சூடு இறங்கியது, நின்றது, பக்கத்துப் பெட்டி ஆரம்பித்தது.

அதற்கு மேல் சரக்கறையில் குளிர்ச்சியாக இருந்தது ஒன்றே ஒன்று.

ஒரு மருந்துப் பெட்டியைப் பிரித்து டிரை ஐஸைத் தீயின் மேல் கொட்டினேன். பிறகு இன்னொன்று. மொத்தம் நான்கு பெட்டி. வேறு வழி தெரிந்திருந்தால் செய்திருப்பேன். கப்பல் எரிந்து விழுந்தால் ஆறும் போகும் என்று சொல்லிக்கொண்டே கொட்டினேன். சத்தமாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

தீ இப்போது தெரியவில்லை. ஐஸ் குவியலுக்கு அடியில் புகைகிறது.

தரைக்கதவின் வயரும் விசிறிகளின் வயரும் கருகிவிட்டன. சரக்கறை முழுக்க வாயு. ஒரு வகையில் நல்லது, காற்று இல்லாத இடத்தில் அட்டையும் பிளாஸ்டிக்கும் பற்றாது. அந்த வாயு உள்ளே இருக்கும்வரை கப்பல் பறக்கும். உள்ளே போனால் நான் மூச்சுவிட முடியாது.

மிச்சமிருந்த இரண்டு மருந்துப் பெட்டிகளையும் என் அறைக்கு இழுத்துவந்தேன். உள்கதவைச் சாத்தி, இடுக்கில் துணி திணித்தேன். ஜன்னலை உடைத்தேன். குளிர்கிறது, ஆனால் மூச்சு விடலாம்.

முகமூடி கண்ணை மறைக்கவில்லை. கண் எரிகிறது. பேட்டரிப் புகையில் அமிலம் உண்டு.

டிசம்பர் 12, பகல் 1.30.

தவமணியிடம் சொல்ல வேண்டியிருந்தது. இசக்கிராஜ் தானே சொல்வதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன்.

"நர்ஸம்மா, ரெண்டு பெட்டிதான் வருது."

மறுமுனையில் இருமினார்.

"மத்த நாலு?"

"கப்பல்ல தீ. அந்த ஐஸை எடுத்துத்தான் அணைச்சேன். குளிர் போயிருச்சு. அந்த மருந்து இனி வேலைக்கு ஆகாது. பேட்டரியும் வராது."

"அப்ப ரெண்டு பெட்டி யார் யாருக்குன்னு நான்தான் சொல்லணுமா?"

காலடியில் இருந்த இரண்டு பெட்டிகளையும் பார்த்தேன்.

"இல்லம்மா, உங்களக் குத்தமாச் சொல்லல. கேட்டேன். வந்து சேருங்க மொதல்ல. நீங்க நல்லா இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்றேன்.

டிசம்பர் 12, மாலை 5.20.

ஐஸ் குறைகிறது. ஒரு பேட்டரி மறுபடி சூடாகி, குவியலின் நடுவில் குழி விழுந்துவிட்டது. ஓரத்து ஐஸை வாரி நடுவில் போட வேண்டும். முகமூடியோடு மூன்று முறை போய்வந்தேன். சிலிண்டர் காலி.

நான்காவது முறை மூச்சை அடக்கிக்கொண்டு போனேன். அப்பா சங்கு குளிக்கப் போவார். நாங்கள் எல்லோரும் சின்னதிலேயே மூச்சடக்கப் பழகியவர்கள். உள்ளே கண்ணைத் திறக்க முடியவில்லை. தடவித் தடவி வாரினேன். திரும்பும்போது படியில் கால் இடறி, ஒரே ஒரு மூச்சு இழுத்துவிட்டேன். ஒரே மூச்சு. நெஞ்சுக்குள் மிளகாய்ப் பொடி போட்ட மாதிரி. எப்படி அறைக்குள் வந்தேன் என்று தெரியவில்லை. தரையில் கிடந்தேன், கதவு சாத்தியிருந்தது. நான்தான் சாத்தியிருக்க வேண்டும்.

இருமல் நிற்கவில்லை.

இசக்கிராஜ் டாக்டர் ஒருவரைப் பேச வைத்தான். அவர் நிறையக் கேள்விகள் கேட்டார். கடைசியில் உட்கார்ந்தபடியே இருங்கள், படுக்காதீர்கள் என்றார். அந்தப் புகை நுரையீரலில் மெதுவாகத்தான் வேலை செய்யும், சில மணி நேரம் கழித்து நீர் கோக்கும் என்று நான் படித்திருக்கிறேன். அவருக்கும் தெரியும்.

டிசம்பர் 13, காலை 6.30. தென்கடல்.

இங்கே வெயில் காலம். சூரியன் எப்போதோ வந்துவிட்டது. கீழே வெள்ளை வெள்ளையாக அலை.

குவியல் அடங்கியிருக்கிறது. உள்கதவில் கை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடு. என்னிடமுள்ள இரண்டு பெட்டியிலும் ஐஸ் பாதிக்கு மேல் இருக்கிறது. மாலைவரை தாங்கும்.

இசக்கிராஜ் கேட்காமலே வீட்டுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டான். என் வீட்டுக்காரர் ரெமிஜியுஸிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"ஏட்டி, கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் வாங்கட்டுமா, போன வருசத்தது போதுமா?"

"புதுசு வாங்குங்க."

"தொண்டை என்ன இப்படிக் கெடக்கு?"

"குளிருங்க. ஜன்னல் பக்கம் உக்காந்திருக்கேன்."

"சாத்திக்கிட்டு இரு. மாதா சுரூபத்துல கை ஒடஞ்சிருக்கு, ஒட்டிருதேன். நீ வந்து பெயின்ட் மட்டும் அடிச்சிரு."

சரி என்றேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. லைன் சரியில்லை என்று அவரே வைத்துவிட்டார்.

டிசம்பர் 13, பகல் 12.10.

கரும்பாறையை மூன்று முறை அழைத்தேன். நான்காவது முறை ஓர் ஆண் குரல்.

"அலோ, நான் சொர்ணலிங்கம் பேசுதேன். இங்க சமையல்காரன்."

"நர்ஸம்மா எங்க?"

"அவங்க நேத்தே படுத்துட்டாங்க. காலைல கஞ்சி கொண்டுட்டுப் போனேன். எந்திரிக்கல."

பிறகு சொன்னார்: "ஒரு துண்டுக் காயிதத்துல எழுதி வச்சிருக்காங்க, மருந்து வந்தா யாருக்கு மொதல்லன்னு. அவங்க பேரு அதுல இல்ல."

நடமாட முடிந்தவர் சொர்ணலிங்கம் ஒருவர்தான் என்று தெரிந்தது. மற்றவர்களுக்கு மூச்சு இருக்கிறது என்றார். எத்தனை பேருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஊசி போடத் தெரியுமா என்றேன். நர்ஸம்மா காட்டிக்கொடுத்திருக்கிறாராம். ஆரஞ்சுப் பழத்தில் போட்டுப் பழகினாராம்.

"நீங்க கவலப்படாதீங்கக்கா. கப்பல் எறங்குனதும் ஓடியாந்து பின் கதவத் தெறந்திருவேன். எப்பவும் சாமான் எறக்குதவன் நான்தானே."

வேண்டாம் என்று சொல்லப் பொத்தானை அழுத்தினேன். ரேடியோவில் விளக்கு எரியவில்லை.

டிசம்பர் 13, பகல் 1.00.

ரேடியோ உயிரோடில்லை. அதன் வயர் சரக்கறைச் சுவருக்குள் போகிறது. சூடு அங்கே எட்டிவிட்டது. தூத்துக்குடியும் இல்லை, கரும்பாறையும் இல்லை.

பின் கதவு சரக்கறையின் கதவு. வெளியிலிருந்து தாழைச் சுற்றினால் திறக்கும். உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. சொர்ணலிங்கம் திறந்தால் உள்ளே காற்று பாயும், குவியலில் மிச்சமிருப்பது பற்றும். பற்றாவிட்டால் அவர் உள்ளே ஏறுவார். இரண்டு மூச்சில் விழுவார். அவர் விழுந்தால் அந்தத் தீவில் ஊசி போட ஆளில்லை.

இறங்கியதும் நான் முன் கதவால் வெளியே போய், சுற்றிப் போய், அவரைத் தடுக்க வேண்டும். கப்பலின் நீளம் அதிகம். அவ்வளவுதான் வேலை. நடந்துவிடலாம்.

டிசம்பர் 13, மாலை 3.45.

பயிற்சிக்காக எழுந்து நின்றேன். நாலு அடி. உட்கார்ந்துவிட்டேன். இருமியதில் நுரை, இளஞ்சிவப்பு. விரல் நுனிகள் நீலமாக இருக்கின்றன.

இதைக் கண்டெடுப்பவருக்கு: இரண்டு பெட்டியும் என் காலடியில் இருக்கின்றன. மூடியை இறுக்க வேண்டாம். வெறுங்கையால் ஐஸைத் தொட வேண்டாம். முன் கதவு வழியாக மட்டும் வாருங்கள். உள்கதவைத் திறக்காதீர்கள். சரக்கறையை யாரும் திறக்காதீர்கள், ஒரு வாரத்துக்கு.

ஜன்னல் சட்டத்தில் எச்சரிக்கை லேபிள்களை ஒட்டினேன். வெளியே கையை நீட்டி ஒட்டினேன். ஒன்று காற்றில் போய்விட்டது. அவர் இந்தப் பக்கம் வந்தால் பார்ப்பார்.

பேசிப் பார்த்தேன். காற்றுதான் வருகிறது. குரல் இல்லை.

டிசம்பர் 13, மாலை 5.10.

தீவு தெரிகிறது. கறுப்பு, நடுவில் பச்சை. கொட்டகைகள். புகை எதுவும் இல்லை. கப்பல் இறங்கும் களத்தில் ஒரே ஒரு ஆள் நிற்கிறார். கையை ஆட்டுகிறார்.

நானும் ஆட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாதோ. போ என்று காட்டினேன். தெரிந்திருக்காது.

கப்பல் திரும்புகிறது. பின் கதவுள்ள வால் கொட்டகைப் பக்கம்.

இறங்கியாயிற்று

மோட்டார் நின்றது. அமைதியாக இருக்கிறது.

முன் கதவுவரை ஊர்ந்தேன். கைப்பிடி உயரத்தில். எட்டவில்லை. மறுபடி பார்க்கிறேன்

எட்டவில்லை

அவர் ஓடிவரும் சத்தம். இந்தப் பக்கம் இல்லை. பின்னால்.

"ஏக்கா, உள்ள இருக்கீங்களா?"

குரல் இல்லை எனக்கு. பெட்டியின் மூடியை எடுத்துச் சுவரில் அடித்தேன். பலமாக. விடாமல் அடித்தேன். அவர் நிற்க வேண்டும், யோசிக்க வேண்டும்

"கேக்குதுக்கா, கேக்குது. தட்டிக்கிட்டே இருங்க, இந்தா வந்துட்டேன்"

தாழ் சுற்றுகிறது